குழாய்க்கு முன்னால் போன வெளிச்சம்

அன்று அறுவை அறையில் இருந்தவர்கள்: அறுவை செய்த என் தம்பி, அவனுக்கு உதவிய பெண் டாக்டர், குழாய்விட்டுக் குடலைப் பார்க்கும் குழாய் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், மூத்த நர்ஸ். மேசையில் எங்கள் தங்கையின் கணவர். வேறு யாரும் இல்லை.

மூன்று வாரமாக மாப்பிள்ளையின் சிறுகுடலில் எங்கோ ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எந்த ஸ்கேன் படத்திலும் இடம் சிக்கவில்லை. அன்றும் தவறினால் தங்கையின் வாழ்வு அவ்வளவுதான். குடலில் சிறு துளையிட்டு, நுனியில் விளக்குள்ள குழாயை உள்ளே விட்டார்கள். உள்வெளிச்சத்தில் கசிவு தெரிவதற்காக அறை விளக்குகளை அணைத்தார்கள்.

"இருட்டுல நீங்ககூட அழகாத்தான் இருக்கீங்க சார்," என்றார் மயக்க மருந்து டாக்டர்.

தம்பி சிரிக்கவில்லை. மருந்து நெடியும் ரத்த வாடையும் கலந்த அந்த இருட்டில், மானிட்டரின் சீரான சத்தத்தைக் கேட்டபடி, சட்டைக் கையை ஏற்றுவதுபோல் குடலைக் குழாயின் மேல் ஏற்றிக்கொண்டிருந்தவன், குடலுக்குள் சிவந்து ஒளிர்ந்த வட்டம் ஒரு சாண் முன்னால் போய் நிற்பதைக் கண்டான்.

"மெதுவா தள்ளுப்பா."

"நான் தள்ளவே இல்லையே சார்!" என்றார் குழாய் டாக்டர்.

பொய். போன வாரம் எல்லார் முன்னாலும் தான் திட்டியதற்கு இங்கேயா பழிவாங்குகிறான் என்று நினைத்தபடி தம்பி குடலை விரலால் தடவினான். குழாயின் நுனி அவன் கட்டைவிரலுக்கடியில் இருந்தது.

வெளிச்சம் அங்கே.

"வெளியே எடு. அதோட விளக்கை அணை."

குழாய் வந்தது. தட்டில் சுருண்டது. அணைந்தது.

வெளிச்சம் அணையவில்லை. நகர்ந்தது. வளைவு வளைவாக. நின்றது.

அங்கே, நூல் மாதிரி, ரத்தம்.

"தையல் போடுங்க சார்," என்றார் நர்ஸ். "அது போறதுக்குள்ள."

தம்பி கறுப்பு நூலால் அந்த இடத்தில் அடையாளத் தையல் போட்டான். விளக்குகள் எரிந்தன. அந்தத் துண்டை வெட்டியெடுத்து, முனைகளை இணைத்து, வயிற்றை மூடினான். கசிவு நின்றது. மாப்பிள்ளை பிழைத்தார்.

விளக்கை வயிற்றிலேயே விட்டுத் தைத்துவிட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பொய். குழாயை நானே போய்ப் பார்த்தேன். நுனி முழுதாக இருக்கிறது. படுக்கையறை இருட்டானதும் மாப்பிள்ளையின் தோலுக்கடியில், தங்கை கை வைக்கும் இடத்துக்கெல்லாம் ஊர்ந்து வரும் அந்த வெளிச்சம் என் தம்பி வைத்த விளக்கல்ல.