தூவிய குரல்

ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் கனத்த பெட்டி. இரண்டோடும் மல்லுக்கட்டியபடி நாடக அரங்கின் பின்வாசலுக்குள் ஓடியவள், உள்ளேயிருந்து வந்தவன்மேல் நேராகப் போய் முட்டினாள்.

"கண்ணு தெரியலையா?"

முட்டியதும் அவள்தான், கத்தியதும் அவள்தான். அவன் கழுத்தில் தொங்கிய டார்ச்சை எடுத்து அவள் பெட்டிமேல் அடித்தான். மூடியின் இடுக்கில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டென்று தன் மழைக்கோட்டைக் கழற்றி… பெட்டிக்குப் போர்த்தினான்.

"நான் தொப்பலா நிக்கிறேன், பெட்டிக்குக் கோட்டா?"

அவன் உதடு அசையவில்லை. கண் மட்டும் சிரித்தது. இமையோரம் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பார்க்காதே, பார்க்காதே… என்று தனக்கே சொல்லிக்கொண்டு பார்த்தாள்.

அவள் அந்த நாடகக் குழுவைச் சேர்ந்தவள் இல்லை. வழக்கமாக இசை போடுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட, நாடகத்தை இயக்கும் அக்கா காலையில்தான் போன் செய்திருந்தாள். "சின்னவளே, உன் ஒயர் பெட்டியைத் தூக்கிட்டு ஓடி வா. சாயங்காலம் நாடகம். என் மானமே போகுது!"

ஒயர் பெட்டி என்று அக்கா கேலி செய்வது மாடுலர் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவியை. தனித்தனியாக வாங்கிச் சேர்த்த சின்னக் கருவிகளை ஒரே பெட்டியில் பொருத்தி, ஒன்றுக்கொன்று ஒயர் குத்தி வாசிப்பது. அதில் அவளுக்கு 'கிரானுலர்' என்ற கருவிமேல்தான் உயிர். எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் கடுகு கடுகாக நறுக்கித் திரும்பத் திரும்பத் தூவும். ஒரு பட்டனை அழுத்தினால், கடைசியாக வந்த சத்தத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு சொல் உள்ளே போனால் மேகமாக வெளியே வரும்.

மேடையைப் பார்த்தபடி மேலே இருந்த கண்ணாடி அறையில் அவளுக்கு இடம் போட்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில்… அவனேதான்! விளக்குகளை இயக்குகிறவன். குழுவில் எல்லாருக்கும் அவன் 'டார்ச்'.

அவள் என்ன கேட்டாலும் 'ம்' என்றான். இல்லாவிட்டால் தலையாட்டினான்.

"பேசினா முத்து உதிர்ந்துடுமோ?"

அதற்கும் ஒரு 'ம்'. திமிரைப் பாரேன் என்று நினைத்தாள். ஆனால் அந்தக் கண்ணில் திமிர் இல்லையே…

சிக்கல் ஒரே ஒரு காட்சியில்தான். வெள்ளத்தில் போன புருஷனைத் தேடி ஒருத்தி கரையில் நிற்பாள். "தண்ணியே அவளைக் கூப்பிடற மாதிரி இருக்கணும்" என்றாள் அக்கா. அவள் போட்டுக் காட்டிய எதற்கும் அக்கா முகம் மலரவில்லை.

மதியம் அவன் மேடையில் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். கீழே செட்டு போடும் தச்சர். மேலே அவள் பெட்டியோடு இணைத்த மேடை மைக் திறந்தே இருந்தது. திடீரென்று ஒரு விளக்கு கொக்கியிலிருந்து நழுவியது.

"த… த… த… தள்ளு!"

தச்சர் துள்ளி விலகினார். அவர் நின்ற இடத்தில் விளக்கு விழுந்து நொறுங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. பதற்றத்தில் அவள் விரல் பட்டனை அழுத்தியிருந்தது. என்ன சிக்கியிருக்கிறது என்று குமிழைத் திருகினாள்…

த… தத்தத… தத… அரங்கம் முழுக்க அந்த ஒற்றை எழுத்து அலையலையாகப் பரவியது. பயமும் பாசமும் கலந்த ஒரு குரல், வெள்ளம் மாதிரி!

"அக்கா! இதுதான்! கிடைச்சிடுச்சு!"

கீழே எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "டேய் டார்ச், உனக்குப் போட்டியா ஒரு மிஷினு வந்திருக்குடா!" என்றார் தச்சர்.

அவன் ஏணியிலிருந்து இறங்கி, நேராக மேலே வந்து நின்றான்.

"அழிங்க."

"ஏன்?"

"அழிங்க."

"இவ்வளவு நேரம் வாயே திறக்கலை. இப்ப வந்து அதிகாரமா? முடியாது. என் பெட்டியில விழுந்தது என்னோடது!"

அவன் முகம் வெளுத்தது. காலையில் சிரித்த கண் தரையைப் பார்த்தது. படியிறங்கிப் பின்வாசல் வழியே போய்விட்டான்.

மூச்சிரைக்க ஏறி வந்தாள் அக்கா. "அறிவிருக்காடி உனக்கு? அவனுக்குப் பேச்சு திக்கும். சின்ன வயசிலேர்ந்து. அத்தனை பேர் முன்னாடி அவன் திக்கினதைப் போட்டுக் காட்டியிருக்கே!"

அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அந்த 'ம்'… அந்தத் தலையாட்டல்…

"அவன் இல்லாம லைட்டு இல்லை. லைட்டு இல்லாம நாடகம் இல்லை. போய்க் கூட்டிட்டு வா. வரலைன்னா சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கிற ஜனத்துக்கு நீயே பதில் சொல்லு!"

முதல் வேலையாக அந்தக் குரலை அழித்தாள். பிறகு ஓடினாள்.

பின்வாசலை ஒட்டிய கொட்டகையில், செட்டு ஏற்றும் லாரியின் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் திரை போட்டாற்போல மழை.

"அழிச்சிட்டேன்."

அவன் நிமிரவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. யார் குரலைக் கொடுத்தாலும் அது அப்படித்தான் சிதறடிக்கும். எனக்கு அது அழகா இருந்துச்சு. அதான் விடமாட்டேன்னேன்."

"அ… அழகா?" கசப்பாகச் சிரித்தான். "எ… எல்லாரும் சிரிப்பாங்க. ப… பழகிடுச்சு. காலையில நீங்க சி… சிரிச்சது மட்டும் வேற சிரிப்புன்னு நெ… நெனச்சேன்."

வேற சிரிப்புதான் என்று சொல்ல வாயெடுத்தாள்.  அதற்குள் அவன் எழுந்துவிட்டான். "நா… நாடகத்துக்காக வரேன்."

விளக்குகள் அணைந்து நாடகம் தொடங்கியது. இருட்டில் கைக்கெட்டும் தூரத்தில் அவன். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளக் காட்சி வந்தது. அவள் தன் குரலையே மைக்கில் முணுமுணுத்துக் கருவிக்குக் கொடுத்தாள். காகிதம் உரசுகிற மாதிரி வந்தது. குமிழைத் திருகினாள்… ம்ஹூம்.  கரையில் நின்ற நடிகை கண்ணாடி அறையைப் பரிதாபமாகப் பார்த்தாள். யாரோ இருமினார்கள். மேடையோரம் அக்கா தலையில் கை வைத்து நின்றாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு…

அவள் கையிலிருந்த மைக்கை யாரோ மெல்ல வாங்கினார்கள். அவன்தான். ஒரு கை விளக்குப் பலகைமேல், கண் மேடைமேல்.

"வ… வ… வ… வந்துடு."

அவள் விரல் பட்டன்மேல் நின்றது. அழுத்தலாமா? அவன் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தான்.

அழுத்தினாள்.

ஒரு குரல் நூறாக, ஆயிரமாக உடைந்து அரங்கத்தின் மேல் பொழிந்தது. வ… வவ… வந்… வ… கூடவே அவன் நீல வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். நடிகைக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அழுதபடியே அந்த வெளிச்சத் தண்ணீருக்குள் நடந்தாள்.  கைதட்டல் எழவே வெகு நேரம் பிடித்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. கண்ணாடி அறையில் அவள் குனிந்து ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இதையும் அழிச்சிடவா?"

"வே… வேண்டாம். வெச்சுக்கோங்க."

"காலையில சிரிச்சது…" ஒயரைப் பார்த்தே சொன்னாள். "வேற சிரிப்புதான்."

அவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. தாடை இறுகியது, கண் மூடியது. என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். அவள் நாக்கு நுனியிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சின்னவளே! வண்டி நிக்குது! அங்க என்னடி பண்றே?" கீழேயிருந்து அக்கா.

"இரு அக்கா! அவர் பேசிட்டிருக்கார்!"

 அவன் கண்ணைத் திறந்தான்.

"உ… உ… உன்னை…"

உங்களை இல்லை… உன்னை! 

"உன்னை எனக்குப் பி… பிடிச்சிருக்கு."

"எனக்கும்" என்றாள் அவசரமாக.

"இ… இன்னும் முடிக்கலை."

கீழே லாரி ஹாரன் அடித்தது. அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு. வண்டி போனா போகட்டும்."