ஆமைக்குள் அடித்த போன்

ட்ரிங்... ட்ரிங்...

செத்த ஆமையின் வயிற்றுக்குள்ளிருந்து போன் அடித்தது!

"யா அல்லாஹ்!"

அஸீபா அலறிக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். கையிலிருந்த சாக்கு விழுந்தது. பொறுக்கிய குப்பையெல்லாம் மறுபடி மணலில் கொட்டியது. பம்பர்ஸ், யோகட் கப், ரெஜிபோம் துண்டு, யாருக்கோ ஊசி போட்டு எறிந்த சிறிஞ்ச்...

சீ!

கீரிக் கடற்கரை என்று அழகழகாகப் படம் போடுகிறார்களே, அவர்களை ஒரு காலையில் இங்கே கூட்டி வந்து மூச்சை இழுத்துப் பார் என்று சொல்ல வேண்டும்.

ஆமை ஊதிப் போய்க் கிடந்தது. கண் இருந்த இடத்தில் புழு. கழுத்தோரம் மஞ்சளாக ஏதோ வடிந்தது. ஓட்டின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் பெரிய பெருக்கல் குறி.

"செலீனா அக்கா... உள்ளுக்குள்ள போன் அடிக்குது!"

"ஆமைக்கு ஆரடி போன் எடுக்கிறது?"

செலீனா கழுத்துத் துண்டால் மூக்கைப் பொத்தினாள்.

இரண்டு பேரும் கரைக் காவல் குழுவின் தொண்டர்கள். சனிக்கிழமை தோறும் கரை நெடுக நடந்து குப்பை பொறுக்குவார்கள். ஆமையோ கடற்பசுவோ செத்து ஒதுங்கினால் முதலில் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அதன் பிறகுதான் சிவப்புக் குறி. குறி விழுந்தால் கணக்கெடுத்தாயிற்று என்று அர்த்தம். அதை மறுபடி ஒருவரும் தொடமாட்டார்கள்.

ஆசைப்பட்டுத் தொடுவதற்கு அது என்ன வட்டிலப்பமா?

போன் நின்றது.

"என்ன சத்தம் அங்க?"

அருளப்பு மாஸ்டர் மூச்சு வாங்க ஓடி வந்தார். ஓய்வு பெற்ற அதிபர். குழுவின் தலைவர். பெயின்ட் டின்னை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

"மாஸ்டர், இந்த ஆமைக்குள்ள போன் அடிச்சது!"

மாஸ்டரின் முகம் வெளிறியது. உடனே சமாளித்தார்.

"விசர்க்கதை கதைக்காதேங்கோ! குறி போட்டதுக்குக் கிட்டப் போகக்கூடாதெண்டு எத்தனை தரம் சொன்னனான்?"

"நாங்கள் தொடேல்ல மாஸ்டர். அதுவா அடிச்சது," என்றாள் செலீனா.

"செலீனா, நீ தம்பியை நினைச்சு நினைச்சு நித்திரையில்லாமல் திரியிறாய். காதுக்குள்ள இரையுது, வேறொண்டுமில்லை."

செலீனா உதட்டைக் கடித்தாள்.

தம்பி நிறோஜன் விளக்கமறியலில் இருந்தான். அவன் படகுக்குள் கேரளக் கஞ்சாப் பொதிகள் கிடந்ததாம். யாரோ தகவல் கொடுத்தார்களாம். திங்கட்கிழமை மறுபடி நீதிமன்றம். கஞ்சா வேறு ஆளுடையது என்று காட்ட ஒன்றும் கிடைக்காவிட்டால் அவன் உள்ளேயே கிடந்து உக்க வேண்டியதுதான்.

"பொலிசுக்குச் சொல்லுவமோ மாஸ்டர்?"

"பொலிசோ!"

கத்தியே விட்டார். பிறகு குரலில் தேனைத் தடவினார்.

"அவங்கள் வந்தா இதையும் உன்ர தம்பியோட முடிஞ்சு விடுவாங்கள் பிள்ளை. ரெண்டு பேரும் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ. வனசீவராசிகள் கந்தோருக்கு நான் அறிவிக்கிறன்."

இருவரும் நடந்தார்கள். மீன்வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் மறைந்தார்கள்.

மாஸ்டர் இடம் பார்த்தார். வலம் பார்த்தார். கரையில் காகங்கள் மட்டும்தான்.

ட்ரிங்... ட்ரிங்...

"மடையன்! பொதியோட போனையும் வைச்சு அனுப்பியிருக்கிறான்!"

கடலுக்கு அக்கரையிலிருந்து கஞ்சா அனுப்பும் கூட்டாளியைத் திட்டிக்கொண்டே முழங்காலில் விழுந்தார். சட்டைக் கையைச் சுருட்டினார். ஆமையின் வயிற்றில் தங்கூசுத் தூண்டில் நூலால் தைத்திருந்த இடத்தைப் பிரித்தார். கையை நுழைத்தார்.

சளக்!

நாற்றம் முகத்தில் அறைந்தது. கை முழங்கை வரை போனது. கைமணிக்கூட்டுப் பட்டிக்குள் புழு ஏறியது. மாஸ்டர் ஓங்காளித்தார்.

நன்றாக ஓங்காளிக்கட்டும்!

ஒரு பொதி வந்தது. இன்னொன்று வந்தது. கடைசியாக, சொப்பிங் பாக்கில் சுற்றிய போன். இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பெயர்.

அஸீபா!

"எடுங்கோ மாஸ்டர்... நான்தான் அடிக்கிறன்."

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மாஸ்டர் திரும்பினார்.

காதில் போனோடு அஸீபா. பக்கத்தில் செலீனா. அவர்களோடு இன்ஸ்பெக்டர் கீர்த்தனனும் இரண்டு கான்ஸ்டபிள்களும்!

"இ... இந்தப் போன்..."

"என்ர பழைய போன்," என்றாள் செலீனா. "நேற்றுப் பின்னேரம் நான்தான் தையலைப் பிரிச்சு உள்ளுக்கு வைச்சுத் திரும்பத் தைச்சனான். அப்பவே பொதியளைக் கண்டிட்டன். வீட்ட போய்ச் சேருறதுக்குள்ள மூண்டு தரம் சத்தி எடுத்தனான்."

"அப்ப... இவள் கத்தினது?"

"அக்கா பைக்குள்ள இருந்த தன்ர போனை அமத்தினவ, நான் கத்தினனான். கண்ணாடிக்கு முன்னால நிண்டு பழகினனான் மாஸ்டர். நல்லா இருந்ததோ?" என்றாள் அஸீபா.

"பொய்! செத்த ஆமையைச் சோதிக்கிறது என்ர வேலை!"

"சோதிச்ச ஆமையெண்டா படம் எங்க?" செலீனா ஒரு அடி முன்னால் வந்தாள். "குறி இருக்கு, குழுவில படம் இல்லை. போன மாசமும் இப்பிடி ஒரு ஆமை. தம்பி உங்களிட்ட வந்து கேட்டவன். அடுத்த நாள் அவன்ர படகுக்குள்ள பொதி!"

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"வெறும் பொதியை எடுத்திருந்தா அதையும் நிறோஜன்ர தலையிலதான் கட்டியிருப்பம் மாஸ்டர். இது ஆரின்ர பொதியெண்டு தெரிஞ்ச கை ஒண்டு வேணுமெண்டு இவையள் சொல்லிச்சினம். நானும் காத்திருந்தனான். கை கிடைச்சிட்டுது."

செலீனாவின் கண் கலங்கியது.

"அவனுக்குச் சாப்பாடு கொண்டு போகேக்க நீங்களும் கூட வந்தீங்களே! கம்பிக்கு வெளியால நிண்டு, 'ஆண்டவர் கைவிடமாட்டார் தம்பி' எண்டு சொன்னீங்களே! ஆமை செத்த பிறகுதான் நாறுது. நீங்கள்... தூ!"

மணலில் துப்பினாள்.

மாஸ்டர் கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். விரல் நுனியிலிருந்து மஞ்சள் நீர் சொட்டியது. ஈ மொய்த்தது.

"சேர்... தயவு செய்து... கடலில ஒருக்காக் கையைக் கழுவிப்போட்டு வாறன்."

ஒரு கான்ஸ்டபிள் இரக்கப்பட்டு வழி விடப் போனார். செலீனா குறுக்கே பாய்ந்தாள்.

"கழுவ விடாதேங்கோ சேர்! அது சான்றுப் பொருள். திங்கட்கிழமை நீதவானும் ஒருக்கா மணந்து பாக்கட்டும்!"