ஈரம் காயாத சுவர்

மூன்று தடவை பெயிண்ட் அடித்தாயிற்று, குளியலறைச் சுவரில் அந்த ஈரத்திட்டு மட்டும் போவேனா என்றது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், விழுந்து கிடக்கிற ஒருத்தி கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. அந்தச் சுவருக்குள் குழாயே கிடையாது. மறுபக்கம் ஹால், டிவி.

பெயிண்டர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். மேட் பெயிண்ட் ஈரத்தைக் குடிக்கும், குளியலறைக்கு ஆகாது. பளபளக்கிற கிளாஸ் பெயிண்ட்தான் தண்ணீரை அண்டவிடாது. ஆனால் முதலில் சுவர் பத்து நாளாவது காயவேண்டும். வீட்டை விற்கிற அவனுக்கு ஏது பத்து நாள்? மறுநாள் சாயங்காலம் வீட்டை வாங்குகிறவர்கள் வருகிறார்கள். கறையைப் பார்த்தால் பேரம் போச்சு.

"ஈரத்து மேல கிளாஸ் அடிச்சா, உள்ள இருக்கிறது வெளிய வர வழியில்லாம முட்டிக்கிட்டு நிக்கும் சார்."

"நிக்கட்டும். நீங்க அடிங்க."

மறுநாள் காலையிலேயே அடித்து முடித்தார். மிச்சத்தைக் கதவுக்கும் நிலைக்கும் பூசிவிட்டு, ராத்திரி வரைக்கும் சாத்தாதீர்கள், ஒட்டிக்கொள்ளும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவன் அக்கா இங்கேதான் வழுக்கி விழுந்தாள். அவனுக்குச் சோறு போட்டுப் படிக்கவைத்த அக்கா. வீடு அவள் பேரில். இடுப்பு ஒடிந்து எழமுடியாமல் சுவரைத் தட்டித் தட்டி, "கதவைத் தள்ளுடா தம்பி" என்று கூப்பிட்டாள். ஹாலில் இருந்தவன் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினான். பாவி, ஒரே ஒரு விரலால்! தட்டுவது நிற்க இரண்டு மணி நேரம் ஆனது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் தூங்கிப்போனேன் என்று அழுதான், எல்லோரும் நம்பினார்கள். அன்றிலிருந்து அந்த டிவியை அவன் போட்டதே இல்லை.

நாலரை மணிக்குக் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று உள்ளே போனான். பெயிண்ட் வாடை ஹாலெல்லாம் அடித்தது. வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்களே என்று, பெயிண்டர் சொன்னதை மறந்து கதவைச் சாத்திக்கொண்டான். சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது. கறையைக் காணோம். அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் ஒரு கொப்புளம் எழும்பியது. கட்டைவிரலால் அமுக்கினான். சில்லென்று இருந்தது. நழுவிப் பக்கத்தில் புடைத்தது. இன்னொன்று. இன்னொன்று. மொத்தம் ஐந்து. நீளநீளமாக. நுனியில் நகம்.

தட்டும் சத்தம். சுவருக்குள்ளிருந்து.

கதவுக்கு ஓடினான். இழுத்தான். ஒட்டியிருந்தது. போன் ஹாலில். கொப்புளம் கிழிந்து வழிந்த தண்ணீர் காலடிக்கு வந்துவிட்டது. வழுக்கினான். இடுப்பில் ஏதோ மளுக்கென்றது.

எழ முடியவில்லை.

வாசல் மணி அடித்தது. வந்துவிட்டார்கள்! கத்தினான். கையை நீட்டிச் சுவரைத் தட்டினான். எட்டியது அந்த ஒரு இடம்தான்.

யாரும் இல்லாத ஹாலில் டிவி ஓட ஆரம்பித்தது.

மணி மறுபடி அடித்தது. மறுபடி தட்டினான். பெயிண்டுக்கு அடியிலிருந்து ஐந்து விரல்கள் அவன் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டன, சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடித்த மாதிரியே, இறுக்கமாக.

ஹாலில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.