கணினிக்குள் அண்ணனின் கணினி

விஜயகுமார் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். துர்காதேவி நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள்.

துர்கா ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். விஜயகுமார் அவளுடைய அண்ணன். பழவேற்காடு ஏரிக்கரையில் அவர்கள் வீடு. அவர்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா துலுக்காணம் மீன்பிடிக்கப் போகிறவர். அண்ணன் மட்டும் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலைக்கு வேலைக்குப் போனான். அங்கே நடந்த விபத்தில் அவனுடைய பார்வை முக்கால்வாசி போய்விட்டது.

அப்போதும் இப்படித்தான் படுத்தான். யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். அவனை எழுந்து உட்கார வைத்தது ஒரு பழைய கணினி. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, தன் கண்ணுக்கு ஏற்றபடி எல்லாவற்றையும் அவனே மாற்றிக்கொண்டான். கறுப்புத் திரையில் கட்டைவிரல் பருமனுக்கு மஞ்சள் எழுத்து. திரையில் இருப்பதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிதானமாகப் படித்துக் காட்ட ஒரு குரல். மவுஸே தேவையில்லை, எல்லாம் விசைகளிலேயே நடக்கும்.

கடலும் காற்றும் எப்படி இருக்கும் என்று நீளநீளமான ஆங்கிலத்தில் வரும் வானிலை அறிவிப்பை அவன் தினமும் அந்தக் குரலில் கேட்பான். அதை ஊராருக்குப் புரிகிற தமிழில் எழுதி எல்லோருடைய போனுக்கும் அனுப்புவான். "குமாரு இன்னா சொல்றான்?" என்று கேட்டுவிட்டுத்தான் பலர் படகைத் தள்ளுவார்கள்.

போன மழையில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. கணினி மூழ்கிப் போயிற்று.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் லோகு மாமா புது லேப்டாப் ஒன்றை வாங்கி வந்தார். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. அழகை வைத்து அண்ணன் என்ன செய்வான்? எழுத்தைப் பெரிதாக்கினால் பாதி திரைக்கு வெளியே ஓடியது. குரல் ஆங்கிலத்தில் கடகடவென்று பேசியது. பழக்கப்பட்ட விசையை அழுத்தினால் வேறு எதுவோ திறந்தது.

"இது வேற யாரோ ஊடு மாதிரி கீதும்மா. கதவு எங்க கீது, ஜன்னல் எங்க கீதுன்னே தெர்ல," என்றான்.

"போகப்போகப் பழகிடும்டா," என்றாள் அம்மா செங்கம்மாள்.

"பழகாது. இனிமே என்னால முடியாதுன்னு ஊர்ல சொல்லிடு."

சொல்லிவிட்டுத்தான் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

துர்கா மெல்ல அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அண்ணே, இதுலயும் நம்ம லினக்ஸ போட்டா?"

"ஏறாது. இதோட மூள ஆர்ம்னு ஒரு சிப்பு. பழசுல இருந்தது வேற ஜாதி சிப்பு. போய்ப் படி."

துர்கா போனாள். ஆனால் பாடம் படிக்கவில்லை. அம்மாவின் போனை எடுத்து, "ஆர்ம் லேப்டாப், லினக்ஸ்" என்று தேடித் தேடிப் படித்தாள். அங்கே ஒரு வழி இருந்தது. லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு, அதற்குள் ஒரு கற்பனைக் கணினியை உண்டாக்கலாம். அதற்கு வெர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அதற்குள் ஏறும் லினக்ஸ், தனக்கென்று முழுக் கணினி கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஓடும்.

சனிக்கிழமை காலையிலேயே ஆரம்பித்தாள். கற்பனைக் கணினி தயாரானது. அண்ணன் அலமாரி உச்சியில் பத்திரமாக வைத்திருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பிய பென் டிரைவிலிருந்து பழைய லினக்ஸ் கோப்பை எடுத்துப் போட்டாள். திரை இருண்டது. இருண்டபடியே இருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், அதே இருட்டுதான்.

படித்த பக்கத்தை மறுபடி வரிவரியாகப் படித்தாள். கற்பனைக் கணினிக்கும் லேப்டாப்பில் இருக்கும் அதே ஆர்ம் சிப்புதான். அதனால் அதே லினக்ஸில் ஆர்ம் சிப்புக்கென்று செய்ததைத்தான் போட வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று அவளே முடிவு செய்துகொண்டிருந்தாள். தலையில் குட்டிக்கொண்டு, சரியானதை இறக்கினாள். ஊர் சிக்னலுக்கு அது வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அதைப் போடப் புதிதாக ஒரு கற்பனைக் கணினியை உண்டாக்கினாள். முன்பு கவனிக்காமல் தாண்டிப்போன ஒரு கேள்வி மறுபடி திரையில் வந்தது. லேப்டாப்பின் நினைவகத்தில் எவ்வளவு இந்தக் கணினிக்கு வேண்டும்?

அண்ணனுக்குக் கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம்? துர்கா அளவுகோலை ஒரே இழுப்பாகக் கடைசி வரை இழுத்தாள். எல்லாம் அண்ணனுக்கே!

லேப்டாப் உறைந்து நின்றது. எந்த விசைக்கும் அசையவில்லை.

"ஐயோ, புதுசையும் ஒடச்சிட்டியாடி? லோகுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" என்று அம்மா பதறினாள்.

கட்டிலிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "வுட்டுடு துர்கா. பேஜாரு பண்ணிக்காத."

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் துர்காவுக்குத் தாங்கவில்லை. எழுந்து ஏரிக்கரைக்குப் போய் நின்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏரியில் இரண்டு படகுகள் வலை விட்டுக்கொண்டிருந்தன. கலியன் சித்தப்பாவின் படகு கரையிலேயே கிடந்தது. இன்றைக்கு அவருடைய முறை இல்லை. இறால் நிறைய விழும் இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்று ஊரே கூடி முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்பார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் வலையைக் கொட்டினால் வலையோடு வலை சிக்கி ஒருவருக்கும் ஒன்றும் விழாது.

துர்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே இருக்கிற கணினிக்கே எல்லா நினைவகத்தையும் கொட்டிவிட்டால் அதைச் சுமக்கிற லேப்டாப் எதை வைத்து ஓடும்? அது நின்றால் அண்ணனுடையதும் நிற்கத்தானே செய்யும்?

வீட்டுக்கு ஓடினாள். லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டாள். இந்த முறை நினைவகத்தில் உள்ளே இருக்கும் கணினிக்குப் பாதி, வெளியே இருக்கும் லேப்டாப்புக்குப் பாதி.

எழுத்துகள் சரசரவென்று ஓடின. லினக்ஸ் ஏறியது. பென் டிரைவில் அண்ணன் சேமித்திருந்த எழுத்து, குரல், விசை அமைப்புகளை அதில் கொண்டுபோய் வைத்தாள். திரை கறுப்பானது. பிறகு, ஏற்ற இறக்கமே இல்லாத அந்த இயந்திரக் குரல் சொன்னது: "முகப்புத் திரை."

கட்டில் கிறீச்சிட்டது.

"இன்னாடி அது?"

"நீயே வந்து பாரு."

விஜயகுமார் சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். ஒரு விசையை அழுத்தினான். குரல் பதில் சொன்னது. இன்னொன்றை அழுத்தினான். அதற்கும் சொன்னது. திரைக்கு வெகு கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனான்.

"எழுத்து ஏன் ரோஸ் கலர்ல கீது?"

"நான்தான் மாத்துனேன். அழகா இருக்குமேன்னு..."

"உன்ன யாரு மாத்தச் சொன்னது? எழுந்திரு, எழுந்திரு."

துர்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். திட்டு வாங்கியும் அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. அண்ணன் நொடியில் எழுத்தை மஞ்சளாக்கினான். வானிலை அறிவிப்பைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு தட்டத் தொடங்கினான். அம்மா கதவோரம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

செய்தி போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

"குமாரு! நாளைக்கு என் மொறடா. காத்து வரும்னு போட்டுகீறியே, எப்போ வரும்? வெடியக்காலம் போய்க்கினு சீக்கிரம் வந்துடவா?" கலியன் சித்தப்பாவின் குரல்.

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விஜயகுமார் கையைக் காட்டி நிறுத்தினான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, நிலைப்படியைக் காலால் தேடிக் கடந்து, தெருவில் போய் நின்றான்.

"வெடியறதுக்குள்ளயே ஆரம்பிச்சிடும் சித்தப்பா," என்றான். "நாளைக்கு வேணாம்."