மூன்றாவது பந்து

மூச்சு அறுந்த பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. டக், டக் என்று இரண்டு முறை, பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் விழுவதுபோல. அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பதிவை முதலிலிருந்து ஓடவிட்டாள். நீளமாக ஒரு மூச்சு உள்ளே இழுபடுகிறது, பாதியில் தடுக்குகிறது, திணறி மேலே போகிறது, முடியும் இடத்தில் சன்னமாக ஒரு விசில், அப்புறம் டக், டக். அவர்கள் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்த போன் விளையாட்டில் அப்படி ஒரு சத்தமே கிடையாது.

விளையாட்டு என்னவோ எளிமையானதுதான். வற்றிய கிணற்றின் அடியில் ஒரு குருவி கிடக்கும். போனை வாயருகே வைத்து மூச்சை இழுத்தால் குருவி மேலே ஏறும். மூச்சு நின்றால் விழும், திரை இருண்டு ஒரு வரி வரும். அந்த வரியை எழுதுவது அவள் வேலை. தோற்றவன் போனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகாமல் அவன் தோளைத் தட்டி மறுபடி உட்கார வைக்கிற வரி. ‘அட, இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே!’ ‘குருவிக்கு உங்களை விட்டா யார் இருக்கா?’ இப்படி இருநூறு வரிகள் ஒரு பட்டியலில் இருந்தன. அலுவலகத்தில் அவளுக்கு ‘ஆறுதல் அக்கா’ என்று பெயர். அவள் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியும் அந்தப் பெயரை யாரும் விடவில்லை. அது அவளுக்கு எங்கே போய்க் குத்தும் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“யாரு சார் இது?” என்று கேட்டாள்.

ஒலிப் பிரிவுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி இருக்கிற மனிதர், எதற்கும் பதறாதவர்.

“அதாம்மா தெரியல. சோதனைக்கு நானூறு பேருக்குத்தான் குடுத்திருக்கோம். இந்தப் போன் அந்த நானூறுல இல்ல. பேரும் இல்ல, நம்பரும் இல்ல. பதினோரு செகண்டுக்கு ஒரு தடவ தோக்குது. உடனே திரும்ப ஆடுது. ஆறு நாளா இதே கதை.”

“நடுவுல நிறுத்தவே இல்லையா?”

“தூக்கம் கிடையாது, சோறு தண்ணி கிடையாது. ஏதாவது மெஷினா இருக்கும்னு பாத்தேன். மெஷினுக்கு இப்படி இளைக்குமா சொல்லு?”

அவர் சிரித்தார். அந்த விசிலை அவளுக்குத் தெரியும். பத்தொன்பது நாள் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

மருத்துவமனையில் அவள் கணவருக்கு ஒரு மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருந்தார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் மூன்று அறைகள், அறைக்கு ஒரு நீலப் பந்து, பக்கத்தில் நெளிநெளியாக ஒரு குழாய். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். மூன்றும் ஏறினால் நுரையீரல் தேறிவிட்டது என்று அர்த்தம். அவருக்கு இரண்டு ஏறும். மூன்றாவது அசையவே அசையாது. ஒவ்வொரு முறையும் அந்த இரண்டும் விழும்போது டக், டக். உடனே அவள் சொல்லுவாள்: “எனக்காகங்க. இன்னொரு தடவ.” கடைசி நாள் மத்தியானம் அவர் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “போதும்மா, முடியல, தூங்குறேன்” என்றார். அவள்தான் குழாயைத் திரும்ப அவர் உதட்டில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். இழுத்தார். டக், டக். அதற்கப்புறம் அவர் இழுக்கவில்லை.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் போன வாரம், பட்டியலில் ஒரு வரி குறைந்து, மண்டை வறண்டு, குழுத்தலைவர் தலைக்கு மேல் வந்து நின்றபோது, கை தானாகத் தட்டிவிட்டது: ‘எனக்காக. இன்னொரு தடவை.’ அந்த வரியைப் பார்த்தவர்களில் ஒருவர்கூட ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. குழுத்தலைவர் சந்தோஷத்தில் குதித்தார். அன்று மாலையே மற்ற வரிகளை ஓரங்கட்டிவிட்டு, எல்லோருக்கும் அதையே காட்ட ஏற்பாடு செய்தார்.

அது ஆறு நாளைக்கு முன்பு.

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிஷத்துக்கு ஐந்து தடவை. ஆறு நாள். கணக்குப் போட மனம் ஒப்பவில்லை. பட்டியலைத் திறந்து, அந்த வரியை அழித்து, ‘போதும். தூங்குங்க.’ என்று எழுதி அனுப்பினாள். சிவப்பாகத் திரும்பி வந்தது. தோல்வி வரி எதுவானாலும் மறுபடி ஆடக் கூப்பிட வேண்டும், போகச் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. விதி மீறிய வரி விழுந்த இடத்தில், இருப்பதிலேயே நன்றாக வேலை செய்யும் வரி தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அவள் ஒன்பது விதமாக எழுதினாள். ஒன்பது தடவையும் அவளுடைய பழைய வரியே போய் உட்கார்ந்தது.

குழுத்தலைவரிடம் போய் நின்றாள்.

“ஒரே ஒரு வரி சார். கெஞ்சிக் கேக்குறேன்.”

“என்னம்மா நீ! தோத்தவன போய்த் தூங்குன்னு சொன்னா, ஆப்பையே அழிச்சிட்டுத் தூங்கிடுவான். உன் வரிதாம்மா நம்மளக் காப்பாத்திட்டு இருக்கு. போ, காபி குடி.”

கடைசியில் ஒலிப் பிரிவுக்காரர்தான் இரங்கினார். அவள் முகத்தைப் பார்த்தவர் காரணம் கேட்கவில்லை. சோதனைப் பக்கத்தில் நுழைந்தால் ஒரு போனுக்கு மட்டும் வரியை மாற்றலாம், விதியெல்லாம் அங்கே செல்லாது என்று காட்டிக் கொடுத்தார். “வீட்ல போய்ப் பண்ணு. நான் சொன்னேன்னு வெளிய விடாத.”

வீட்டுக்கு வந்தபோது மணி நான்கு. மேற்கு ஜன்னல் வழியாக வெயில் கூடம் முழுக்க விழுந்திருந்தது. சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரத்தில், மருத்துவமனைப் பையிலிருந்து எடுத்து வைத்த நாள் முதல், அந்தக் கருவி அப்படியே இருந்தது. தூக்கிப்போட மனம் வரவில்லை, தொடவும் தைரியம் வரவில்லை. எட்டு மாதத் தூசு. மூன்று பந்துகளும் அடியில் கிடந்தன. அவள் அதற்கு எதிரே மடிக்கணினியை வைத்து, சோதனைப் பக்கத்தில் அந்தப் போனைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மூச்சு இழுபட்டது. தடுக்கியது. விசில். டக், டக்.

‘போதும். நீங்க தூங்குங்க.’ அனுப்பினாள். இந்தத் தடவை சிவப்பு வரவில்லை.

மூச்சு ஒன்று பாதியில் நின்றது. பதினோரு செகண்டு ஆனது. இருபது ஆனது. ஒன்றும் இல்லை. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், எட்டு மாதமாக அழாத அழுகை. “தூங்குங்க. நல்லாத் தூங்குங்க. இனிமே உங்கள எழுப்ப மாட்டேன்.” நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துவிட்டதுபோல இருந்தது.

ஒரு நிமிஷம் ஆனது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பிரிட்ஜ் உறுமி அடங்கியது. ஹெட்போனுக்குள் மட்டும் அசைவே இல்லாத அமைதி. இதே அமைதி. அந்த வார்டில், அந்த மத்தியானம், இதே அமைதி. அப்போதும் இப்படித்தான் காத்துக்கொண்டிருந்தாள். இது இரண்டாவது தடவை. இதையும் அவளேதான் செய்திருக்கிறாள்.

ஒரே ஒரு மூச்சு. சும்மா கேட்கத்தான். கேட்டதும் விட்டுவிடலாம்.

வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் விரல் தட்டியது. ‘எனக்காக. இன்னொரு தடவை.’

அனுப்பினாள்.

ஹெட்போனில் ஒன்றும் வரவில்லை. கழற்றி வைத்தாள்.

மேஜையில் இருந்த தூசு நகர்ந்தது. மெல்ல, ஒரு கோடாக, குழாயின் வாயை நோக்கி. குழாயின் விளிம்பு ஈரமாக இருந்தது. உதடு பட்ட ஈரம்.

முதல் பந்து ஏறியது.

இரண்டாவது.

விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. மூச்சு தடுக்கவில்லை. திணறவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது பந்து நடுங்கியது. அசைந்தது. ஏறியது. உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது.

ஜன்னல் திரைச்சீலை வீட்டுக்குள் சாய்ந்தது. காலண்டர் தாள் எழும்பியது. அவள் முன்னெற்றி முடி மேஜைப் பக்கம் நீண்டு நின்றது. நெஞ்சு வலித்தது. மூச்சு விட்டாள். திரும்ப இழுக்க, காற்று இல்லை.

போதும் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லுக்கான காற்றும் குழாய்க்குள் போயிற்று.

வெயிலில், நீலமாக, மூன்று பந்துகளும் உச்சியிலேயே நின்றன.