காயாத ஊதா மை

கடையின் விடுமுறை முடிந்த காலையில் சாய்வு மேசையின் மீது மூலப்படத்தை விரித்தபோது, அவளுடைய சுண்டுவிரலின் ஓரத்தில் ஊதா மை ஒட்டிக்கொண்டது.

அவள் விரலை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தாள். மை புதியது. ஊதாப் பேனாவோ மூடியிட்டு, துணியில் சுற்றப்பட்டு, விடுமுறைக்கு முன் அவள் வைத்த இடத்திலேயே இழுப்பறைக்குள் கிடந்தது. இழுப்பறையின் சாவி அவள் இடுப்பில் இருந்தது.

துறைமுகத்தின் பின்தெருவில் அமைந்த அந்தக் கடை, கப்பல்களுக்குத் தேவையான கடல் வரைபடங்களையும், கடலின் ஏற்ற இறக்கத்தைக் கூறும் ஓத அட்டவணைகளையும், கலங்கரை விளக்கங்களின் விவர நூல்களையும் விற்பது. வாரந்தோறும் வரும் திருத்த அறிவிப்புகளைப் படித்து, இடம் மாறிய மிதவையையும் அணைந்துபோன விளக்கையும் புதிதாக மூழ்கிய கப்பலையும் வரைபடங்களில் கையால் குறிப்பது அவளுடைய பணி. முதலில் மூலப்படத்தில் குறிப்பாள்; பிறகு அதைப் பார்த்து விற்பனைப் படங்களில் குறிப்பாள். அத்தொழிலில் எதையும் சுரண்டி அழிக்கலாகாது. தவறாகிப் போனதன் மேல் மெல்லிய கோடு ஒன்றை இழுக்க வேண்டும். அடித்த பின்னும் அது படிக்கும்படி இருக்க வேண்டும்.

இப்போது அடிக்கப்பட்டிருந்தது மூழ்கிய கப்பல் ஒன்றின் குறி. புள்ளிகளால் ஆன சிறு முட்டை வட்டம், அதன் நடுவே நீளமாக ஒரு கோடு, அதைக் குறுக்கே வெட்டும் மூன்று சிறு கோடுகள். மீன்முள்ளைப் போலத் தோன்றும் அக்குறியைச் சென்ற மழைக்காலத்தில் அவளே வரைந்தாள். அது அவளுடைய கணவன் இரண்டாம் அதிகாரியாகப் பணிபுரிந்த கப்பல். தேடிச் சென்றவர்கள் எதையும் காணவில்லை. "விளக்கு தெரியவில்லை" என்பதே அக்கப்பலிலிருந்து வானொலியில் வந்த கடைசிச் சொல். கடை முதலாளி, "வேற யாராவது போடட்டும்மா, நீ வேணாம்" என்று தடுத்தும் கேளாமல், கடையிலிருந்த ஒவ்வொரு படத்திலும் அவளே அதைக் குறித்தாள். அவனுக்கு அவள் செய்த இறுதிக் கடன் அதுதான்.

அந்தக் குறியின் மேல் யாரோ முறைப்படி கோடிழுத்து, அதே குறியைத் துறைமுகத்தை நோக்கி வெகுவாக நகர்த்தி வரைந்திருந்தார்கள்.

அவள் குனிந்து பார்த்தாள். மூன்று குறுக்குக் கோடுகளில் நடுக்கோடு சற்றே நீண்டிருந்தது.

கப்பலில் வரைபடங்களைத் திருத்தும் பொறுப்பு அவளுடைய கணவனுடையது. படம் வாங்க வந்த இடத்தில்தான் அவர்கள் பழகினார்கள். அவன் திருத்திய படத்தைப் பார்த்து, "என்னங்க இது, மீன்முள்ளா, தொரட்டியா? நடுக்கோடு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது" என்று அவள் கேலி செய்ததும், "அது என் கையெழுத்துங்க, வேற எவனும் போட முடியாது" என்று அவன் சிரித்ததும் இதே மேசையருகே நிகழ்ந்தவை.

முதலில் அவளுக்கு அச்சம் தோன்றவில்லை. அவன் கரைக்கு அருகில் வந்துவிட்டான் என்ற மகிழ்ச்சியே தோன்றியது. அந்த மகிழ்ச்சியைக் கண்டபின்தான் அவள் அஞ்சினாள்.

"மீசை, என் மேசைப் பக்கம் வந்தியா?"

படங்களைச் சுருட்டிக் கட்டும் ஊழியன் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு மயிரும் முளைக்காத காரணத்தால் அவனுக்கு அப்பெயர் நிலைத்திருந்தது.

"நானா? அந்தப் பேனாவைத் தொட்டா கேப்டன் என் கையை வெட்டி மீனுக்குப் போட்டுடுவாருக்கா. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாலே எனக்குக் குடிகாரன் நடந்த மாதிரி வரும்."

கேப்டன் என்று அழைக்கப்பட்ட முதலாளி, பூதக்கண்ணாடியுடன் வந்து படத்தின் மேல் கவிழ்ந்தார். வாராந்திர அறிவிப்புகளைப் புரட்டினார். அப்படியொரு திருத்தம் எதிலும் இல்லை. அவர் நெடுநேரம் நிமிரவேயில்லை.

"கடலடியில கிடக்குற கப்பல் நடந்து வராதும்மா," என்றார் இறுதியில், மிகத் தணிந்த குரலில். "நீயே போட்டிருப்ப. மனசு ஒரு நிலையில இல்லன்னா கை தானா வேலை செய்யும். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோ. உன் பொண்ணு சிட்டுவைக் கூட்டிக்கிட்டு எங்கயாவது போய்ட்டு வா."

"சரிங்க கேப்டன்."

"அப்புறம் அந்தப் பென்சில் நட்சத்திரத்தை இனியாவது அழிச்சிடு. இத்தனை நாளா பார்த்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

அவர் சொன்னது, படத்தில் நிலப்பகுதியைக் காட்டும் மஞ்சள் நிறத்தின் மேல், அவளுடைய வீடு இருக்கும் இடத்தில் வரையப்பட்டிருந்த சிறு நட்சத்திரத்தை. விளக்கைக் குறிக்கும் அடையாளம் அது. உங்க மாடி ஜன்னலைப் போடாம இந்தப் படம் எப்படி முழுசாகும் என்று கேட்டு, அவள் தடுக்கத் தடுக்க அவன் வரைந்தது. அந்தச் சன்னலில் அவள் அன்று முதல் விளக்கேற்றி வந்தாள். அவன் போன பிறகும் ஏற்றினாள். விளக்கு தெரியவில்லை என்று சொன்னவனுக்கு வேறு என்ன செய்ய முடியும்?

அவள் அழிப்பானை எடுத்தாள். நட்சத்திரத்தின் மேல் வைத்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

நண்பகலுக்குள் கடலிலிருந்து மூடுபனி ஏறித் தெருவை விழுங்கியது. எதிரிலிருந்த கிடங்கின் கதவு மறைந்தது. பிறகு நடைபாதை மறைந்தது. கடையின் கண்ணாடிக்கு வெளியே அழுக்கான வெண்மையைத் தவிர ஒன்றும் எஞ்சவில்லை. அலைதடுப்புச் சுவரின் முனையிலிருந்து எச்சரிக்கைச் சங்கு நீண்ட இடைவெளிகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. அது ஓய்ந்த பின்னும் அதன் அதிர்வு இழுப்பறைகளின் பித்தளைக் கைப்பிடிகளில் தங்கி நின்றது. பழைய தாளும் பசையுமாக எப்போதும் மணக்கும் அந்த அறையில், பாசியும் எரியெண்ணெயும் கலந்த வேறொரு மணம், தரையோடு தரையாக, மெல்லப் பரவிற்று.

உணவுப் பாத்திரத்தைக் கழுவிவிட்டு அவள் மேசைக்குத் திரும்பினாள்.

குறி மீண்டும் நகர்ந்திருந்தது.

காலையில் கண்ட குறியின் மேலும் இப்போது கோடு இருந்தது. புதிய குறி அலைதடுப்புச் சுவரைக் கடந்து துறைமுகத்தின் உள்ளே நின்றது. மை பளபளத்தது. அங்கிருந்து ஊதாக்கோடு ஒன்று, அளவுகோல் வைத்து இழுத்தாற்போல், நீரைத் தாண்டி, படகுத்துறையைத் தாண்டி, மஞ்சள் நிலத்தினுள் நுழைந்து, பென்சில் நட்சத்திரத்தில் முடிந்தது. கோட்டின் இருபுறமும் மஞ்சள் வெளுத்து, ஆழமற்ற நீரைக் காட்டும் நீலமாகிக் கொண்டிருந்தது. அவள் நாள்தோறும் நடந்து வரும் தெருக்களின் மேல் நீரின் ஆழத்தைக் கூறும் சாய்ந்த சிற்றெண்கள் முளைத்திருந்தன.

அந்தக் கோட்டின் பொருள் அவளுக்குத் தெரியும். குறுகிய வாய்க்காலுக்குள் கப்பலை அழைத்து வர, கரையில் இரண்டு விளக்குகளை முன்னும் பின்னுமாக, ஒன்று தாழவும் மற்றொன்று உயரவும் அமைப்பார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி கப்பலைச் செலுத்தினால், கண்ணை மூடிக்கொண்டு கரை சேரலாம். அந்த நேர்வழியை இப்படித்தான் கோடாகக் காட்டுவார்கள். ஆனால் அதற்கு இரண்டு விளக்குகள் வேண்டும். அவளுடைய வீட்டில் இருப்பது ஒன்று.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

பென்சில் நட்சத்திரத்தை ஒட்டி, கடல்பக்கமாக, ஊதா மையில் இன்னொன்று இருந்தது.

தொலைபேசி மணி அடித்தது. பேசியவள் கீழ்வீட்டுக்காரி, பள்ளி விடுமுறை நாள்களில் சிட்டுவைக் கவனித்துக்கொள்பவள்.

"அக்கா, குழாயைத் திறந்து விட்டுட்டுப் போய்ட்டீங்களா? உங்க வீட்டுத் தண்ணி எங்க கூரையில ஒழுகுது. காயப்போட்ட துணியெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு. சிட்டுவைக் கூப்பிட்டா கதவைத் திறக்க மாட்டேங்குறா. 'வேலையா இருக்கேன் சித்தி'ங்குறா. அம்மாவும் பொண்ணும் நல்லா இருக்கீங்க போங்க!"

"என்ன வேலை?"

"யாருக்குத் தெரியும்? பனி இறங்குனதுலேர்ந்து விளக்கைத் தூக்கிக்கிட்டு அலையுறா."

அவள் குடையையும் பையையும் மறந்து ஓடினாள்.

தெரு வழக்கத்தினும் நீண்டிருந்தது. மூடுபனி முகத்தில் நனைந்த துணியாய் ஒட்டியது. கால் வைத்த இடமெல்லாம் நீர். முதலில் செருப்பின் அடியை நனைத்தது, பிறகு விரல்களின் மேல் ஏறியது. சாக்கடை மூடிகளுக்குள்ளிருந்து அலை வந்து வந்து மீளும் ஓசை கேட்டது. எங்கோ பின்னால், மிகப் பெரிய ஒன்று மிக மெதுவாகத் திரும்புவதைப் போன்ற முனகல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

படிக்கட்டில் தண்ணீர் மேலிருந்து படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

சிட்டு கதவைத் திறந்தாள். தலைவாரி, பிறந்தநாளுக்கு எடுத்த கவுனை அணிந்திருந்தாள். கணுக்கால் வரை நீர் நின்றதை அவள் பொருட்படுத்தவே இல்லை. பின்சுவரில், அலமாரியின் உச்சியில், சன்னலில் எப்போதும் இருக்கும் விளக்கு எரிந்தது. சன்னலின் விளிம்பில், அதற்கு நேர்முன்னே தாழ்வாக, சிட்டுவின் படிப்பு விளக்கு எரிந்தது.

"என்னடி செஞ்சு வச்சிருக்க?"

"அப்பா சொல்லிக் குடுத்ததும்மா. டார்ச் வச்சு விளையாடுவோமே, அது." சிறுமியின் குரல் பெருமையால் நிறைந்திருந்தது. "நீ ஒரே ஒரு விளக்கு வச்சா அவருக்கு எப்படி வழி தெரியும்? ஏதோ ஒரு விளக்கு எரியுதுன்னுதான் தெரியும். பாவம், இத்தனை நாளா சுத்திக்கிட்டே இருந்திருப்பாரு. இப்ப நேரா வந்துடுவாரு, பாரேன்."

ஓராண்டாக அவள் செய்த தவறு அதுதானா? ஒற்றை விளக்கை வைத்து அவனை அலைய விட்டாளா?

வருவது அவன் அல்ல. கடலடியில் கிடந்த கப்பல். குறி நகர்ந்தது கப்பலின் குறியாக அல்ல, மூழ்கிய கப்பலின் குறியாக. அவள் கையாலேயே எழுதியது. அது எங்கே வந்து நிற்கிறதோ அங்கே கடலும் வந்து நிற்கும். நீர் இப்போது மகளின் முழங்காலைத் தொட்டிருந்தது.

அவள் படிப்பு விளக்கின் பொத்தானில் கை வைத்தாள்.

"வேணாம்மா!" சிட்டு அவள் புடவையைப் பற்றி இழுத்தாள். "பாதி வழியில அணைக்கக் கூடாதும்மா! விளக்கு தெரியலன்னு அப்பா அன்னிக்கே சொன்னாரும்மா. திரும்பவும் அதையே சொல்ல வைக்காதம்மா..."

விரல் அசையவில்லை.

அழுத்த வேண்டும். அழுத்தினால் மகள் பிழைப்பாள். அழுத்தினால் அவன் மீண்டும் இருட்டில் நிற்பான், இம்முறை வீட்டு வாசலில், அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு.

"நான் அணைக்கலடி," என்று அவள் சொன்னாள். தான்தான் சொன்னோமா என்று அவளுக்கே ஐயமாக இருந்தது.

சங்கொலி ஓய்ந்தது. எதிர்வீட்டுக் கூரைக்கு மேலே, பனியின் உள்ளே, ஒரு வெண்ணிற விளக்கு. அதற்குப் பின்னே உயரத்தில் மற்றொன்று. இரண்டும் விலகி நின்றன. நெருங்கின. கீழே இடப்புறம் ஒரு பச்சை. வலப்புறம் ஒரு சிவப்பு.

கடல் தொழிலில் பழகிய எவருக்கும் அது விளங்கும். இரண்டு வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, பச்சையும் சிவப்பும் ஒருசேரத் தெரிந்தால், கப்பல் உன்னை நோக்கியே நேராக வருகிறது.

நின்றன.

"வந்துட்டாரு," என்றாள் சிட்டு.

இயந்திரம் அடங்கியது. வீட்டின் கூரைக்கு மேலே, வெகு உயரத்தில், நங்கூரச் சங்கிலி அவிழத் தொடங்கியது. கண்ணி கண்ணியாக. இறங்கி. இறங்கி.

சிட்டு கையசைத்தாள். மாடிச் சன்னலின் கண்ணாடி வெளிப்புறமாக ஆவி படிந்து வெளுத்தது, யாரோ மிக அருகில் முகத்தை வைத்தாற்போல். ஊறிச் சுருங்கிய விரல் ஒன்று அதன் மேல் பதிந்தது. நிதானமாக, பழகிய கையின் நிதானத்தோடு, இரண்டு விளக்குகளையும் தாயையும் மகளையும் உள்ளே வைத்து, புள்ளி புள்ளியாக ஒரு முட்டை வட்டம் இட்டது. நடுவே நீளமாக ஒரு கோடு.

பிறகு அதன் குறுக்கே மூன்று சிறு கோடுகள். நடுக்கோடு சற்றே நீண்டிருந்தது. ஊதா மை கண்ணாடியில் வழிந்தது.