கயிற்றின் மறுமுனை

எல்லாப் படகுகளும் திரும்பிவிட்டன. ஆனாலும் ஆற்றில் யாரோ பெடல் மிதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

படகுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பொழுது சாய்ந்து, பனி ஆற்றின்மேல் கவிந்து, நனைந்த புல்லும் ஊறிய மரமும் பாசியும் கலந்த வாடை மூக்கில் ஏற, குழந்தைகள் இறங்கிப்போன ஊஞ்சல்கள் கிறீச்சிட, பாட்டன் காலத்துப் பூங்காவில் அவளும் காவலாளியும்தான் மிச்சம்.

"பூட்டிட்டு வாம்மா. ஆத்துல யாரும் இல்ல," என்றார் காவலாளி.

"போன வெள்ளத்தப்பவும் இதத்தானண்ணே சொன்னீங்க?"

அந்த வெள்ளத்தில், சிக்கிக்கொண்ட ஒரு ஜோடியைக் கரைசேர்க்கப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எவளோடோ ஓடிவிட்டான் என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அவன் ஓடவில்லை என்று இவர்களுக்குக் காட்டியே தீருவேன் என்ற வீம்பில்தான் அவன் பார்த்த வேலையிலேயே சேர்ந்தாள்.

சத்தம் நெருங்கியது. கரைக்கு வரும் படகுக்குக் கயிறு வீசுவது அங்கே வழக்கம். கை வழுக்கினாலும் கயிறு போகாதிருக்க, ஒரு முனையை இடுப்பில் முடிந்துகொள்வார்கள். பழகிய கை யோசிக்கவில்லை. முடிச்சிட்டது, வீசியது.

மறுமுனையை யாரோ பிடித்தார்கள்.

கயிறு விறைத்தது. அவளை இழுத்தது.

"முடிச்ச அவுத்துடும்மா!" காவலாளி எடுத்தார் ஓட்டம்.

அவிழ்க்கலாம். ஒரு சுண்டு போதும். பயம்தான், சொல்வதில் என்ன வெட்கம்? ஆனாலும் படகு கட்டும் இரும்புத் தூணில் காலை முட்டுக்கொடுத்தாள்.

"நீ இழுத்தா நான் வந்துடுவேனா? நீ வா இங்க!"

இழுத்தாள். தோள் எரிந்தது. இழுத்தாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை. என்றோ பெடல் சங்கிலியில் நசுங்கிய கட்டைவிரல். அவனேதான். ஓடவில்லை.

"வந்து பாருங்கடா! ஓடிட்டான்னு சொன்னவன்லாம் வந்து பாருங்கடா!"

முகம் வந்தது. கண்கள் இல்லை. வாய் நிறைய மணல்.

படகும் இல்லை. தண்ணீரை மிதித்தவை கால்கள்.

அவன் இடுப்பை ஒரு பெண் பிடித்திருந்தாள். அவள் காலை ஒருவன். அவனை நீச்சலுடையில் ஒருத்தி. அவளை, எந்தக் காலத்துத் தொப்பியோ, ஒரு கிழவர். பனி மறைக்கும் இடம்வரை, ஒருவரையொருவர் பிடித்தபடி.

படகுக்காரி முடிச்சைத் தொடவில்லை.

"தள்ளாதீங்க," என்றாள், பல் கிட்டிக்க. "ஒவ்வொருத்தரா ஏறுங்க."

ஏறத் தொடங்கினார்கள்.